1957 செவர்லே பெல் ஏர், 1959 கேடிலாக், 1957 பிளிமத் பெல்வெடியர்: அப்படியே வைப்பதா, பிரித்துக் கட்டுவதா, எஞ்சினை மாற்றுவதா?

1957 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தார் புத்தம்புதிய பிளிமத் பெல்வெடியர் ஒன்றை நீதிமன்றத்துக்கு முன்னால் மண்ணுக்குள் இறக்கினார்கள். தங்க நிறமும் வெள்ளையுமாக இரண்டு கதவுக் கார். அணுகுண்டையும் தாங்கும் என்று சொல்லப்பட்ட கான்கிரீட் அறை, காரின் மேல் துருத்தடுப்புப் பசை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. 50 வருடம் கழித்து வெளியே எடுக்கும்போது உலகத்தில் பெட்ரோலே இல்லாமல் போயிருந்தால்? அதற்காக 10 கேலன் பெட்ரோலையும் கூடவே வைத்தார்கள். ஒரு பெட்டி பீரும் உண்டு. 2007 ஜூனில் மூடியைத் தூக்கினால் அறைக்குள் தண்ணீர். உறையைப் பிரித்தபோது துருவும் சேறும் அப்பிக் கிடந்தது கார்.

பழைய காரைப் பாதுகாப்பது என்றால் மூடி வைப்பது என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் பிளாஸ்டிக் உறை காப்பாற்றாது, ஊற வைக்கும். வீட்டு கேரேஜில் பாலித்தீன் ஷீட் போர்த்தி வைக்கும் காருக்கும் மெதுவாக இதேதான் நடக்கிறது.

வால் இறக்கை (டெயில்ஃபின்) வைத்த அமெரிக்கக் கார்களின் காலம் 1948 கேடிலாக்கில் தொடங்குகிறது. லாக்ஹீட் பி-38 போர்விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லின் குழு பின் மட்கார்டில் ஒரு சின்ன மேடு வைத்தது. 1957-ல் பிளிமத்தைத் தயாரித்த கிரைஸ்லர் கம்பெனிக்காக வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் அதை வானத்துக்குத் தூக்கினார். 1959 கேடிலாக்கில் அது உச்சத்துக்குப் போனது. அந்தக் காலத்துக் கார் ஒன்று கையில் இருந்தாலும், வாங்கப் போவதாக இருந்தாலும், முன்னால் நிற்பவை மூன்று வழிகள். இருக்கிறபடியே பாதுகாப்பது ஒன்று. நட்டு போல்ட் வரை பிரித்து, ஃபேக்டரியிலிருந்து வந்தபடி திரும்பக் கட்டுவது இன்னொன்று. உடம்பை வைத்துக்கொண்டு எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷனை நவீனமாக்கும் ரெஸ்டோமாட் மூன்றாவது. எது சரி என்பதைப் பெரும்பாலோர் ஆசையை வைத்து முடிவு செய்கிறார்கள். முடிவு செய்ய வேண்டியது கார்தான். திரும்பக் கொண்டுவர முடியாத எது இன்னும் அதில் மிச்சம் இருக்கிறது, அந்த மாடலுக்கு உதிரிபாகம் எவ்வளவு கிடைக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

முதலில் காரைப் படிக்க வேண்டும்

பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்று போதும். அந்தக் காலத்து ஃபேக்டரி பெயிண்ட் சுமார் 75 முதல் 125 மைக்ரான் இருக்கும். அதற்கு இருமடங்கு காட்டினால் மேலே இன்னொரு பெயிண்ட் உண்டு. எண் ஆயிரத்தைத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது. இரும்பு அல்லாத எது தடிமனாக இருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும் என்பதால், கூரையும் பின் மட்கார்டும் சேரும் இடத்தில் மட்டும் பதற வேண்டாம். அந்த இணைப்பை ஃபேக்டரியிலேயே ஈயம் உருக்கி நிரப்பினார்கள். டிக்கிக்குள் கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சில் லாக்கர் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். ஜிஎம் கார்களான செவர்லே, கேடிலாக்கின் பழைய லாக்கர் கரைந்து நிறம் பஞ்சில் ஏறும். பிற்காலத்து இரு கலவை பெயிண்ட் அசையாது. பிளிமத் போன்ற கிரைஸ்லர் கார்களுக்கு சூட்டில் உலர்த்திய எனாமல் என்பதால் அங்கே இந்தச் சோதனை பெரிதாக உதவாது.

அடுத்தது துரு. 1957 செவர்லேயில் ஹெட்லைட்டுக்கு மேலே புருவம் போல நிற்கும் இடத்தைக் கீழிருந்து கைவிட்டுத் தடவ வேண்டும். டயர் தூக்கியடிக்கும் சேறு அங்கே போய்த் தங்கிவிடும். கதவுக்குக் கீழ் ஓடும் ராக்கர் பகுதி, தரைத் தகட்டின் அடியில் உள்ள குறுக்குப் பட்டைகள், டிக்கித் தரை ஆகியவை அடுத்த இடங்கள். கேடிலாக்கில் உடம்பை சேசிஸோடு பிணைக்கும் மவுன்ட்டுகள் முக்கியம். 1957 பிளிமத்தில் எங்கே பார்த்தாலும் துருதான். ஆனால் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பாரைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்காமல் அந்தக் காரை வாங்கவே கூடாது. முன் பாகத்தின் முழு எடையையும் திருகிப் பிடித்திருக்கும் கம்பி அது. சட்டம் இற்றுப் போயிருந்தால் ஒரு நாள் பார் பிய்த்துக்கொண்டு வரும், காரின் மூக்கு தரையில் உட்காரும்.

போலியையும் இந்தக் கட்டத்திலேயே பிடிக்க வேண்டும். 1957 செவர்லேயில் ஓட்டுநர் பக்கக் கதவுக் கீல் தூணில் எண் தகடு இருக்கும். 'வி-சி-57' (VC57) என்று தொடங்கினால் வி8 எஞ்சினோடு பிறந்த பெல் ஏர். முன்னால் 'வி' இல்லாமல் 'சி-57' என்றால் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பிறந்தது. 'சி'-க்குப் பதில் 'பி' என்றால் அது பெல் ஏருக்கு ஒரு படி கீழே உள்ள டூ-டென் மாடல். பக்கவாட்டு அலங்காரத்தை மாட்டி அதை பெல் ஏர் என்று விற்பது பழைய வித்தை.

இருக்கிறபடியே வைத்தல்

வெளிப்பெயிண்டில் முக்கால் பங்கு அசல், உள்ளே சீட் துணி கிழியாமல் இருக்கிறது, துரு மேலோட்டமாக மட்டும் என்றால் பிரிக்கவே கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. லாக்கரின் சாயல், சீட் துணியின் நெசவு, ஃபேக்டரியில் சாக்பீஸால் கிறுக்கிய குறிகள், போல்ட் தலையில் வழிந்த பெயிண்ட் ஆகியவற்றை எவ்வளவு செலவு செய்தாலும் நகலெடுக்கத்தான் முடியும். அமெரிக்காவின் பழைய கார் சங்கமான ஏஏசிஏ இப்படிப்பட்ட கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்து நடுவர்களை அனுப்புகிறது. பெப்பிள் பீச் கண்காட்சியிலும் இவற்றுக்குத் தனி வகுப்பு உண்டு.

'அப்படியே' என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. பல வருடம் நின்ற எஞ்சினை முதலில் ஸ்டார்ட்டரால் சுற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்ததை இரண்டு தேக்கரண்டி விட்டு, மூன்று நாள் பொறுக்க வேண்டும். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், கதவைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அடம்பிடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் மூன்று நாள். பலவந்தமாகச் சுற்றினால் துருப்பிடித்த ரிங் சிலிண்டர் சுவரைக் கீறும், இல்லையென்றால் ஒட்டிக்கொண்ட வால்வு புஷ்ராடை வளைக்கும். பெட்ரோல் டேங்கை இறக்கிக் காலி செய்யாமல் எஞ்சினுக்கு எரிபொருள் விடக் கூடாது. பழைய பெட்ரோல் வார்னிஷாக மாறியிருக்கும், அது கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாஃப்ரமும் சில மாதத்தில் உப்பிக் கசியும். எத்தனால் தாங்கும் ரப்பர் போட்டுவிடுவது நல்லது.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்டும் தட்டை டேப்பெட்டும் உரசித்தான் ஓடும். நடுவில் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்ற இப்போதைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். டப்பாவில் 1,000 முதல் 1,200 பிபிஎம் வரை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பிரேக்கில் மட்டும் அசல் பக்தி வேண்டாம். இந்த மூன்று கார்களுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். குறைவாக ஓடும் காருக்கு டாட் 5 சிலிகான் பிரேக் ஆயில் பொருந்தும். அது ஈரம் இழுக்காது, சிந்தினாலும் பெயிண்டைத் தின்னாது. ஆனால் பழைய டாட் 3 ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் கழுவிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் சீட்டு கட்டி டப்பாவில் வைத்தால், நாளை காரைப் பரிசோதிப்பவருக்கு அவை சாட்சி.

பெயிண்டைச் சுத்தம் செய்வதில் பொறுமைதான் கருவி. கூரையில் ஓரமாக ஒரு அடிக்கு ஒரு அடி இடம் எடுத்து, இரண்டு வாளித் தண்ணீரில், ஒன்று சோப்புக்கு ஒன்று துணி அலசுவதற்கு என்று வைத்து, அழுத்தாமல் கழுவ வேண்டும். மங்கிப் போன பெயிண்ட் மேல் எண்ணெய்ப் பசை மிகுந்த கிளேஸைத் தாராளமாகத் தடவி ஓர் இரவு ஊற விட்டால், காய்ந்து வெளுத்த நிறம் காலையில் ஆழமாகித் திரும்பியிருக்கும். துடைக்கும் துணியில் காரின் நிறம் ஏறும். மேலே கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் என்பதால் அது இயல்பு. ஆனால் துணியில் ஏறுவது காரின் மிச்சக் கையிருப்பு என்பது நினைவில் இருக்க வேண்டும். ஃபின்னின் விளிம்பில் பெயிண்ட் மற்ற இடத்தைவிட மெல்லியது. அங்கே மெஷின் பாலிஷ் வைத்தால் அரை நிமிடத்தில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

பிரித்துக் கட்டுதல்

அசல் பெயிண்ட் ஏற்கெனவே போய்விட்டது, தரை ஓட்டை, குரோம் உரிந்துவிட்டது என்றால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அப்போது முழுதாகப் பிரிப்பதில் குற்றமில்லை. ஆனால் உடம்பை சேசிஸிலிருந்து தூக்கிச் செய்யும் வேலை ஆயிரம் மணி நேரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அரைகுறையாக நின்றுபோன ப்ராஜெக்ட் கார்கள் அமெரிக்காவில் எவ்வளவு விற்பனைக்கு வருகின்றன என்று பார்த்தாலே தெரியும். அட்டைப் பெட்டிகளில் வரும் அந்தக் காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எது இல்லை என்பது கடைசி மாதத்தில்தான் தெரியவரும்.

வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வைத்துவிட்டு, கதவு வாசலில் குறுக்காக இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கூரை இல்லாத கன்வர்ட்டிபிளில் இது கட்டாயம். 1959 கேடிலாக்கின் சேசிஸ் எக்ஸ் வடிவம், ஓரங்களில் நீளச் சட்டம் கிடையாது. அதனால் ராக்கர் பகுதிதான் உடம்பைத் தாங்கும். முட்டுக் கொடுக்காமல் அதை அறுத்தால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்த ஜென்மத்திலும் கதவு சரியாக மூடாது. மவுன்ட்டுகளில் எந்த இடத்தில் எத்தனை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தது என்பதையும் எண்ணி எழுத வேண்டும்.

பெயிண்ட் உரிக்க மணலைப் பாய்ச்சும் டிங்கரிங் ஷாப்பை விட்டு ஓடிவிடலாம். பானெட், கூரை போன்ற அகலத் தகடுகள் மணல் அடியில் நெளிந்துவிடும். சோடாவைப் பாய்ச்சினால் தகடு தப்பும், ஆனால் மிச்சத் தூளை முழுக்கக் கழுவாவிட்டால் ஆறு மாதத்தில் புதுப் பெயிண்ட் செதில் செதிலாக எழும்பும்.

உண்மையில் காசைக் கரைப்பது பெயிண்ட் அல்ல, குரோம். பம்பர் இரும்பு, அதற்குத் தாமிரம், நிக்கல், குரோம் என்று மூன்று பூச்சு. அது சுலபம். ஆனால் விளக்கு வளையம், பானெட் சின்னம் எல்லாம் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அவற்றில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். பழைய பூச்சை நீக்கி, ஒவ்வொரு குழியையும் சிறு துரப்பணத்தால் சுரண்டி, தாமிரம் ஏற்றி, உப்புத்தாள் போட்டு, திரும்பத் தாமிரம் ஏற்றி, தேய்த்து, குழி மறைந்த பிறகே நிக்கல். அழுக்கைச் சுரண்டாமல் மேலே பூசிக் கொடுக்கும் பட்டறைக்காரரிடம் வாங்கிய பளபளப்பு இரண்டு வருடத்தில் கொப்புளிக்கும். ஸ்டெயின்லெஸ் பட்டைகளை நெளிவெடுத்து பாலிஷ் போட்டால் போதும். 1957 பெல் ஏரின் பின்பக்கம் வரிவரியாக மின்னும் தகடு அலுமினியம். அதைத் தேய்த்தால் மேல் பூச்சு போய் மங்கிவிடும், புதிதுதான் வாங்க வேண்டும்.

ரெஸ்டோமாட்

வாரா வாரம் ஓட்டுவேன், நெடுஞ்சாலையில் போவேன், ஏசி வேண்டும் என்பவருக்கு இது நியாயமான வழி. ஹவானாவில் பல கார்கள் இப்படித்தான் பிழைத்தன. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினும் சோவியத் கார் பாகங்களும் மாட்டி டாக்ஸியாக ஓட்டினார்கள். அங்கே அது வயிற்றுப்பாடு. அமெரிக்காவில் அது விருப்பம் என்பதால் கேள்வி கேட்கலாம்.

செவர்லேயில் வழக்கமாக ஜிஎம்மின் எல்எஸ் வகை வி8, ஓவர்டிரைவ் உள்ள நான்கு வேக ஆட்டோமேட்டிக், முன் டிஸ்க் பிரேக், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் என்று போவார்கள். 1957 செவர்லேயின் வி8 முன்பக்க மவுன்ட்டில் நிற்கும். புது எஞ்சினுக்குப் பக்கவாட்டு மவுன்ட் வேண்டும். ஆயில் பானும் ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியில் இடிக்கும், அதனால் வேறு வடிவப் பான் வாங்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் எஞ்சினை மட்டும் வாங்கிப் போட்டவர்கள் நிறைய. குதிரைத்திறனைக் கூட்டிவிட்டுப் பின் ஆக்சிலையும் ரேடியேட்டரையும் பழையபடியே விட்டால் அடுத்த செலவு அங்கிருந்து வரும். இந்த மூன்று கார்களும் 12 வோல்ட் என்பது மட்டும் வசதி.

பாதுகாப்பு கூடிவிட்டது என்று ஏமாறக் கூடாது. 2009-ல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்புக் கழகம் 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் பாதி முகம் மோத விட்டது. பழைய காரின் ஓட்டுநர் பகுதி நசுங்கியது. டிஸ்க் பிரேக் போட்டாலும், சீட் பெல்ட் மாட்டினாலும், கூட்டின் அந்தப் பலவீனமும் நெஞ்சை நோக்கி நீளும் ஸ்டீயரிங் தண்டும் அப்படியேதான் இருக்கின்றன. மோதலைத் தவிர்க்க நல்ல பிரேக் உதவும், மோதிய பின் அல்ல.

முழு ரெஸ்டோமாட்டுக்கும் அசலுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு, அதுதான் எங்களுக்குப் பிடித்தது. போல்ட் கழற்றினால் பழையபடி ஆகும் மாற்றங்களை மட்டும் செய்வது. இரட்டை மாஸ்டர் சிலிண்டர், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், அகல வெள்ளைப் பட்டை வைத்த ரேடியல் டயர். வெல்டிங்கும் வெட்டும் தேவையில்லை.

எந்தக் காருக்கு எது

1957 செவர்லே என்றால் எந்த வழியும் ஆபத்தில்லை. 1955 முதல் 57 வரையிலான செவர்லேக்கு டான்சக் போன்ற நிறுவனங்கள் ரப்பர் பீடிங் முதல் கிரில் வரை புதிதாகச் செய்து விற்கின்றன. முழு உடம்பையே புது இரும்புத் தகட்டில் செய்து தருபவர்களும் உண்டு. ஆகவே துருப்பிடித்த சாதாரண டூ-டென்னை ரெஸ்டோமாட் ஆக்குங்கள், யாரும் அழப் போவதில்லை. விதிவிலக்கு, 283 கன அங்குலத்தில் 283 குதிரைத்திறன் தந்த ஃபியூவல் இன்ஜெக்ஷன் கார். அதில் கை வைப்பது பாவம். அப்போது புதிதாக வந்த டர்போகிளைட் கியர் பாக்ஸ் தொல்லை பிடித்தது, பலர் அதை எடுத்துவிட்டு பவர்கிளைட் போட்டார்கள். காரில் இன்னும் அது இருந்தால் கழற்றி எண்ணெய் தடவி மூலையில் வையுங்கள், விற்றுவிடாதீர்கள்.

1959 கேடிலாக்கை வாங்குவதற்கு முன் கேரேஜை அளக்க வேண்டும். நீளம் 225 அங்குலம், அதாவது 5.7 மீட்டர். எடை 2 டன்னுக்கு மேல். 390 கன அங்குல எஞ்சினின் அழுத்த விகிதம் 10.5:1 என்பதால் பிரீமியம் பெட்ரோல்தான். கேடிலாக்கின் உயர்ரக மாடலான எல்டொராடோவில் வந்த காற்று சஸ்பென்ஷன் கசிந்து கசிந்து, பெரும்பாலான கார்களில் அப்போதே காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. ஓட்டுவதற்கென்றால் ஸ்பிரிங்கே நல்லது. நாள்கணக்கில் நின்ற காரின் ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் கப்ளிங்கில் உள்ள ஆயில் கீழே பானுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்து 'ஜாஸ்தி' என்று வடித்தவர் கியர் பாக்ஸைப் பட்டினி போடுகிறார். எஞ்சின் ஓடிச் சூடான பிறகே அளக்க வேண்டும். இந்தக் காரில் முடிவைத் தீர்மானிப்பது குரோம்தான். பம்பர் முழுசாக, விளக்கு வளையங்கள் குழியில்லாமல் இருக்கும் சுமாரான காரை வாங்கி அப்படியே பராமரிப்பது, குரோம் இல்லாத காரை வாங்கிப் பிரித்துக் கட்டுவதைவிட எப்போதும் மலிவு.

1957 பிளிமத் இன்னொரு ரகம். பம்பாயில் பிரீமியர் கம்பெனி பிளிமத் கார்களைப் பூட்டிக் கொடுத்ததால் பெயர் நம் ஊரிலும் பழக்கம், ஆனால் இந்த ஃபின் மாடலின் கதை வேறு. அவசர அவசரமாகச் சந்தைக்கு விட்டதில் தண்ணீர்க் கசிவும் சீக்கிரத் துருவும் அந்தக் காலத்திலேயே புகாராக வந்தன. செவர்லேக்குக் கிடைக்கும் தகட்டில் கால் பங்குகூட இதற்குக் கிடைக்காது. மெக்கானிக் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயம்: இடப்பக்கச் சக்கரங்களின் மறை இடம்புரி, தெரியாமல் ஸ்பானரில் ஏறி மிதித்தால் போல்ட் முறியும். பின் டிரம் கூம்பு ஆக்சிலில் இறுகியிருக்கும், அதற்கென்று உள்ள புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் டிரம் கோணும், பேரிங் போகும். திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டை 145 பவுண்ட்-அடிக்குக் குறையாமல் முறுக்க வேண்டும்.

ஆகவே துருவில்லாத அசல் 1957 பிளிமத் கண்ணில் பட்டால் பிரிக்காமல், வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். துணி உறை போதும். தரையில் மட்டும் பிளாஸ்டிக் விரித்து அதன் மேல் நிறுத்தினால் கான்கிரீட்டின் ஈரம் மேலே ஏறாது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைப்பது நல்லதல்ல, சைலன்சருக்குள் தண்ணீர்தான் தங்கும். எடுத்தால் 15 மைலாவது ஓட்ட வேண்டும். துருப்பிடித்த பிளிமத் என்றால் விலை விசாரிக்காமல் நகர்ந்துவிடுங்கள். டல்சாவில் தோண்டியெடுத்த பெல்வெடியரையே யாரும் கட்டி முடிக்கவில்லை. துருவைக் கழுவியெடுத்த பிறகு, மீண்டும் ஓட வைக்கும் அளவுக்குத் தகட்டில் சத்து இல்லை. இல்லினாய் மாநிலத்து ரோஸ்கோவில் உள்ள அருங்காட்சியகத்துக்கு 2017-ல் அது அப்படியே போய்ச் சேர்ந்தது.